பெயரில் எஞ்சிய நீர்: தில்லித் தலைநகரின் இன்னொரு வரலாறு

தில்லி மெட்ரோவின் வழித்தட வரைபடத்தை ஊன்றிப் பார்ப்பவர், அதற்குள் ஒரு நீர்நிலைப் பட்டியல் ஒளிந்திருப்பதைக் காணலாம். ஹௌஸ் காஸ் என்றால் அரசருக்குரிய ஏரி. தௌலா குவான் வெண்கிணறு. புல் பங்கஷ் ஒரு பாலம். நிலையத்தை விட்டு இறங்கிப் பழைய தில்லியின் தெருக்களுக்குள் நடந்தால் ஹௌஸ் காஜி, லால் குவான், நஹர் சாதத் கான், தரியாகஞ்ச், காரி பாவ்லி எனக் குளமும் கிணறும் கால்வாயும் ஆறும் படிக்கிணறும் அடுத்தடுத்துப் பெயர்ப் பலகைகளில் வருகின்றன. பலகைகள் நிற்கும் இடங்களில் பெரும்பாலும் நீர் இல்லை. காரி பாவ்லி என்பதன் பொருள் உவர்நீர்ப் படிக்கிணறு. இன்று அது ஆசியாவின் மிகப்பெரிய நறுமணப் பொருட் சந்தைகளுள் ஒன்று. அங்கே மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு மூட்டை சுமப்பவர்களிடம் படிக்கிணறு எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

தில்லியின் வரலாறு வழக்கமாக ஏழு நகரங்களின் கதையாகச் சொல்லப்படுகிறது. லால் கோட், சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, பிரோஸாபாத், தீன்பனா, ஷாஜஹானாபாத். எட்டாவதாகப் புது தில்லி. ஒவ்வொரு நகருக்கும் ஓர் அரசர், ஒரு கோட்டை, ஒரு வீழ்ச்சி. பாடநூல்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. ஆனால் தலைநகர் ஏன் இத்தனை முறை இடம் பெயர்ந்தது, பெயர்ந்தும் ஏன் இதே சிறு நிலப்பரப்புக்குள்ளேயே சுற்றிவந்தது என்னும் கேள்விகளுக்கு வம்சாவளி மட்டும் விடை தராது. குன்றுக்கும் ஆற்றுக்கும் இடையில் நீர் எப்படிப் பிடிக்கப்பட்டது, யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தாலே அந்நகரின் புவியியலும் பொருளாதாரமும் பண்பாடும் ஒன்றோடொன்று பொருந்தும்.

குன்றும் ஆறும்

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லிக்குள் முடிகிறது. குவார்ட்சைட் பாறையாலான தாழ்ந்த முகடுகளாகத் தெற்கிலிருந்து நுழைந்து, நகரின் மேற்குப் புறமாக நீண்டு, வடக்கே வஜீராபாத் அருகே யமுனைக் கரையை எட்டி அது மறைகிறது. தில்லிவாசிகள் இதை ரிட்ஜ் என்று அழைக்கின்றனர். கிழக்கே யமுனை. இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த முக்கோண வடிவ நிலமே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தலைநகர்களின் களம்.

இந்நிலத்தின் படைத்துறை முக்கியத்துவம் தெளிவானது. வடக்கே இமயமலை, தென்மேற்கே தார்ப் பாலைவனம். வடமேற்கிலிருந்து கங்கைச் சமவெளிக்குச் செல்லும் படைகளுக்கும் வணிகர்களுக்கும் இவற்றின் இடைவெளியே வழி. அவ்வழியின் வாயிலில் தில்லி நிற்கிறது. 1526, 1556, 1761 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வட இந்தியாவின் விதியைத் தீர்மானித்த போர்கள் தில்லிக்கு வடக்கே பானிபத்தில் நிகழ்ந்தது தற்செயல் ஆகாது.

நீரின் தர்க்கம் இதைவிட நுட்பமானது. குன்று கல்லையும் காவலையும் தந்தது. வெள்ளம் எட்டாத உயரத்தையும் தந்தது. ஆனால் ஆற்று நீரை அங்கே ஏற்ற இயலாது. ஆற்றங்கரையில் நீர் உண்டு. வெள்ளமும் சதுப்பும் காய்ச்சலும் உடன் உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. அம்மழை குன்றுச் சரிவுகளில் சிற்றோடைகளாகக் கிழக்கு நோக்கி இறங்கி யமுனையை அடைகிறது. குன்றின்மேல் நகர் அமைத்தவர் அவ்வோடைகளை மறித்துத் தேக்க வேண்டும். கரையில் நகர் அமைத்தவர் ஆற்றின் சீற்றத்தோடு வாழக் கற்க வேண்டும். தில்லியின் முற்கால நகரங்கள் பெரும்பாலும் முதல் வழியையும் பிற்கால நகரங்கள் இரண்டாம் வழியையும் தேர்ந்தன.

ஏரி கட்டிய சுல்தான்கள்

தோமரர் காலத்து லால் கோட் ஆற்றிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், இன்றைய மெஹ்ரௌலியில் இருந்தது. அனங்கபாலன் பெயரால் வழங்கும் அனங்க தால் என்னும் குளமும், தெற்கே இன்றைய ஹரியானா எல்லைக்குள் உள்ள சூரஜ்குண்டும் அக்காலத்தின் எச்சங்கள். அதே மெஹ்ரௌலியில் சுல்தான் இல்துத்மிஷ் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹௌஸ் இ ஷம்சி என்னும் ஏரியை வெட்டினார். நபிகள் நாயகம் சுல்தானின் கனவில் தோன்றி இடத்தைக் காட்டினார் என்றும், மறுநாள் அங்கே குதிரையின் குளம்புத் தடம் காணப்பட்டது என்றும் மரபுக் கதை கூறுகிறது. புதிதாக வந்த ஆட்சி தன் தலைநகரில் வேரூன்ற, வாளோடு நீரும் வேண்டியிருந்தது என்பதை அக்கதையின் உள்ளுறையாகக் கொள்ளலாம்.

நீர்நிலை அமைத்தல் அரசர்க்கு மட்டுமே உரிய அறமாக இருக்கவில்லை. இன்றைய பன்னாட்டு விமான நிலையத்தை ஒட்டிய பாலம் என்னும் ஊரில் 1276ஆம் ஆண்டைச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. உத்தரன் என்னும் செல்வர் படிக்கிணறு ஒன்றை அமைத்த செய்தியை அது பதிவு செய்கிறது. நகரைத் தில்லிகா என்றும் யோகினிபுரம் என்றும் அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. அந்நிலத்தை முதலில் தோமரர் ஆண்டனர், பின்னர் சௌகான்கள், அதன்பின் சகர்கள் என்று வரிசைப்படுத்தி, சகர் என்னும் பழஞ்சொல்லால் துருக்கிய சுல்தான்களைச் சுட்டி, அப்போது ஆண்ட பால்பனைப் புகழ்கிறது. ஆட்சி மாறியதை மதப்போராகக் காட்டாது, அடுத்து வந்த ஓர் அரச மரபாகவே அது எண்ணியது. இந்தச் சான்றை வரலாற்று மாணவர்கள் ஒரு கிணற்றடியில்தான் பெற்றனர்.

அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியில் (1296–1316) மங்கோலியப் படையெடுப்புகளின் அழுத்தத்தில் சிரிக் கோட்டை எழுந்தது. பெருந்தொகையான நிலைப்படையைக் குறைந்த ஊதியத்தில் வைத்திருக்க, தானியம் முதல் குதிரை வரை விலைகளைச் சுல்தான் கட்டுப்படுத்தினார் என்று பரனி எழுதுகிறார். அத்தனை வீரர்களும் அவர்களைச் சார்ந்த மக்களும் பருகவே சிரிக்கு மேற்கே மிகப்பெரிய ஏரி வெட்டப்பட்டது. அதுவே பின்னாளில் ஹௌஸ் காஸ். கியாசுத்தீன் துக்ளக் துக்ளகாபாத்தைக் கட்டியபோது கோட்டையின் தென்புறப் பள்ளத்தை மறித்து ஏரியாக்கினார். அவருடைய கல்லறை அவ்வேரியின் நடுவே தீவுபோல் நின்றது. உயர்த்திக் கட்டிய பாதை ஒன்று அதைக் கோட்டையோடு இணைத்தது. அவர் மகன் முகம்மது பின் துக்ளக் ஜஹான்பனாவின் மதிலிலேயே சத்புலா என்னும் அமைப்பைச் சேர்த்தார். ஏழு கண்களுடைய மதகு அது. நகர் மதில் ஒன்று அணைக்கட்டாகவும் பணியாற்றியதற்கு இதைவிடச் சிறந்த சான்று தில்லியில் இல்லை.

நீர் இருந்த இடத்தில் வாழ்க்கை திரண்டது. 1334 முதல் சில ஆண்டுகள் தில்லியில் நீதிபதியாகப் பணிபுரிந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இவ்வேரிகளை விரிவாக விவரிக்கிறார். ஹௌஸ் இ ஷம்சியின் நடுவே கல்மண்டபம் இருந்ததையும், நீர் நிறைந்த காலத்தில் அதை அடையப் படகு வேண்டியிருந்ததையும், ஓரங்களில் நீர் வற்றியபின் அந்த ஈரநிலத்தில் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிடப்பட்டதையும் அவர் குறிக்கிறார். ஹௌஸ் காஸின் கரையில் இசைவாணர்கள் தமக்கெனத் தனிக் குடியிருப்பும் சந்தையும் தொழுகையிடமும் கொண்டு வாழ்ந்தனர் என்றும் கூறுகிறார். ஏரிக்கரை வேளாண்மைக்கும் இசைக்கும் வழிபாட்டுக்கும் ஒருசேர இடமளித்தது.

பிரோஸ் ஷாவின் முறையீடு

நீரை வைத்து எழுந்த பூசல்களின் நினைவும் உண்டு. துக்ளகாபாத் எழுந்த அதே ஆண்டுகளில் நிஜாமுதீன் அவுலியா தம் இருப்பிடத்தில் படிக்கிணறு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார் என்றும், பகலில் கோட்டையில் உழைத்தவர்கள் இரவில் விளக்கொளியில் கிணற்றில் உழைத்தனர் என்றும், சுல்தான் எண்ணெய் விற்பனையைத் தடுக்கவே கிணற்று நீரே எண்ணெயாக எரிந்தது என்றும் மக்கள் வழக்கு சொல்கிறது. இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது ஒருபுறம் இருக்க, கோட்டைக்கும் கிணற்றுக்கும் ஒரே கூலியாட்கள் என்று மக்கள் நினைவில் பதிந்திருப்பது கவனத்துக்குரியது. இன்று துக்ளகாபாத் பாழ்பட்டுக் கிடக்கிறது. நிஜாமுதீன் தர்காவின் படிக்கிணற்றில் நீர் நிற்கிறது.

இதைவிட உறுதியான சான்று பிரோஸ் ஷா துக்ளக்கின் சொந்தக் கூற்றிலிருந்து கிடைக்கிறது. புதூஹாத் இ பிரோஸ்ஷாஹி என்னும் சிறு நூலில் தம் பணிகளைத் தொகுத்துரைக்கும் அவர், ஹௌஸ் இ ஷம்சிக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களை நேர்மையற்ற சிலர் அடைத்துவிட்டிருந்ததாகவும், தாம் அவற்றைத் திறந்துவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். அலாவுதீனின் ஏரியோ முற்றிலும் தூர்ந்து போயிருந்தது. அதன் படுகையில் சிலர் பயிர் செய்தனர். சிலர் கிணறு தோண்டி நீரை விலைக்கு விற்றனர். சுல்தான் அதைத் தூர்வாரினார். கரையில் கல்விக்கூடம் எழுப்பினார். பின்னர் அவர் கல்லறையும் அங்கேயே அமைந்தது.

ஏரி வெட்டி ஒரு நூற்றாண்டு கழியுமுன்பே வரத்துக்கால் அடைபட்டது, படுகை தனியார் வசமானது, பொதுநீர் விலைப்பொருளானது என்பவை இக்குறிப்பு தரும் செய்திகள். ஆக்கிரமிப்பும் நீர் வணிகமும் நவீன நகரமயமாக்கத்தின் தனிக் கேடுகள் என்னும் எண்ணத்தை 14ஆம் நூற்றாண்டின் இந்தச் சிறு பதிவே கேள்விக்கு உள்ளாக்குகிறது. வேறுபாடு ஒன்றில் இருக்கிறது. பிரோஸ் ஷா புதிய ஏரி வெட்டுவதற்கு முன் பழைய ஏரியின் வாய்க்கால்களைத் தேடினார்.

அவரே 1354இல் தம் புதுநகரான பிரோஸாபாத்தை யமுனைக் கரையில் அமைத்தார். அதற்கு முன் கைகுபாத் கிலோக்ரியில் ஆற்றோரம் அரண்மனை கட்டியிருந்தாலும், தலைநகரின் நிலையான போக்கு குன்றிலிருந்து ஆற்றை நோக்கித் திரும்பியது பிரோஸ் ஷாவின் காலம் முதலே எனலாம். மேலே ஹரியானா நிலப்பகுதிக்கு யமுனை நீரைக் கொண்டுசென்ற கால்வாயும் அவர் பணியே.

கால்வாய் நடுவே ஒரு கடைத்தெரு

ஷாஜஹான் 1639இல் அடித்தளமிட்டு 1648இல் குடிபுகுந்த ஷாஜஹானாபாத் குன்றின் கல்லையும் ஆற்றின் நீரையும் இணைத்த நகர். பிரோஸ் ஷாவின் பழைய கால்வாய் மீட்கப்பட்டு நகருக்குள் நீட்டப்பட்டது. அப்பணி அலி மர்தான் கானின் பெயரோடு இணைந்து வழங்குகிறது. நீர் நகருக்குள் நுழைந்து கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை செங்கோட்டைக்குள் நஹர் இ பிஹிஷ்த், அதாவது சொர்க்கத்தின் கால்வாய், என்னும் பெயரில் அரண்மனைக் கூடங்களின் பளிங்குத் தரை வழியே ஓடியது. மற்றொன்று இளவரசி ஜஹானாரா அமைத்த கடைத்தெருவின் நடுவே ஓடியது. தெருவின் மையத்தில் இருந்த குளத்தில் நிலவு விழுந்து ஒளிர்ந்ததாலேயே சாந்தினி சௌக் என்ற பெயர் வந்தது என்பர். வணிகத்துக்கான தெருவே நிழலும் நீரும் கொண்ட உலாவிடமாகவும் இருந்தது.

செங்கோட்டையின் கிழக்குச் சுவரில் அரச மண்டபங்கள் வரிசையாக ஆற்றை நோக்கி அமைந்ததும் இக்காரணத்தாலேயே. யமுனை அன்று சுவரின் அடியில் ஓடியது. பேரரசர் பலகணியில் தோன்ற, கீழே ஆற்றுமணலில் திரண்ட மக்கள் அவரைக் கண்டனர். ஆற்றங்கரை மணல் ஓர் அரசியல் அரங்கம். ஆட்சி கைமாறிய பின்னும் அதன் ஆற்றல் மறையவில்லை. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் அதே பலகணியில் தோன்றிக் கூட்டத்துக்குக் காட்சியளித்தனர்.

நகர் நீரோடு கொண்ட உறவு பண்பாட்டிலும் தங்கியது. மெஹ்ரௌலியில் ஷம்சி ஏரியின் உபரிநீர் விழும் ஜர்னா என்னும் இடத்தை ஒட்டி மழைக்காலத்தின் இறுதியில் பூல்வாலோன் கி சைர் என்னும் பூவியாபாரிகளின் விழா நடைபெறுகிறது. இரண்டாம் அக்பரின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இவ்விழாவில் பக்தியார் காக்கியின் தர்காவுக்கும் யோகமாயா கோயிலுக்கும் பூவிசிறிகள் ஏந்திச் செல்வது மரபு. 1942இல் நிறுத்தப்பட்ட விழா விடுதலைக்குப் பின், 1960களின் தொடக்கத்தில் நேருவின் ஊக்கத்தால் மீண்டது. தில்லியின் கூட்டுப் பண்பாடு என்று பேசப்படுவதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. அது ஓர் ஏரியின் மறுகால் ஓடும் இடத்தில் பிறந்தது என்பது அரிதாகவே சொல்லப்படுகிறது.

1857க்குப் பின்

1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் தில்லியின் உடலையே மாற்றினர். மக்கள் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் தகர்க்கப்பட்டன. பாழான நகரில் தங்கியிருந்த கவிஞர் காலிப் தம் கடிதமொன்றில் லால் திக்கிப் பகுதியின் கிணறுகள் உப்பாகிவிட்டதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். வீடுகளும் நண்பர்களும் அழிந்ததைச் சொல்லும் அதே மூச்சில் கிணறுகளையும் அவர் சொல்கிறார். 1860களில் யமுனைமேல் இரும்புப் பாலமும், நகரைக் கிழித்துச் சென்ற தொடர்வண்டிப் பாதையும் வந்தன. தானியமும் துணியும் நறுமணப் பொருளும் இங்கிருந்து வட இந்தியா முழுமைக்கும் பிரிந்தன. தில்லி மொத்த வணிகத்தின் மையமானது அப்போதுதான். சாந்தினி சௌக்கின் குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு எழுந்தது. கால்வாயும் காலப்போக்கில் மூடப்பட்டுத் தெருவானது.

1911 டிசம்பர் 12 அன்று தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தர்பார் நடந்த வடபுறத்திலேயே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. பின்னர் நிலத்தை ஆய்ந்த வல்லுநர் குழு அப்பகுதி தாழ்வானது, வெள்ளமும் மலேரியாவும் சூழ்வது என்று கருதித் தெற்கே ரைசினாக் குன்றைத் தேர்ந்தது. அடிக்கற்களும் இடம்பெயர்ந்தன. ஆற்றுக்கு அஞ்சிக் குன்றேறுதல் என்னும் பழைய முடிவை லுட்யென்ஸும் பேக்கரும் மீண்டும் ஒருமுறை எடுத்தனர். ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களின் நிலங்கள் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் கையகப்படுத்தப்பட்டன. 1931 பிப்ரவரியில் புது தில்லி திறக்கப்பட்டது. 1936இல் லோதி அரசர் கல்லறைகளைச் சூழ்ந்திருந்த கைர்பூர் என்னும் ஊர் அகற்றப்பட்டுப் பூங்கா ஆனது. இன்றைய லோதித் தோட்டம் அதுவே. பயணிகள் வியக்கும் பசும்புல்வெளி ஓர் ஊரின் வயலும் வீடும் இருந்த இடம்.

அகதிகளின் நகர்

1941இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சமானது. பிரிவினையின்போது ஏறத்தாழ 5 லட்சம் பேர் மேற்குப் பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லைப்புறங்களிலிருந்து வந்து சேர்ந்தனர். சுமார் 3.3 லட்சம் முஸ்லிம்கள் நகரை விட்டு நீங்கினர். புராணா கிலாவும் ஹுமாயூன் கல்லறையும் முதலில் வெளியேறக் காத்திருந்த முஸ்லிம்களுக்கும், பின்னர் எல்லை கடந்து வந்தவர்களுக்கும் முகாம்களாயின. நினைவுச் சின்னம் என்று நுழைவுச்சீட்டு வாங்கிக் காணும் அதே மதில்களுக்குள் மக்கள் மாதக்கணக்கில் சமைத்தனர், பிள்ளை பெற்றனர், நோயுற்று இறந்தனர். லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் ஆகியவை எழுந்தன. பஞ்சாபியரின் கடைகளும் தந்தூர் அடுப்பும் தில்லியின் வணிகத்தையும் நாவையும் மாற்றின.

இப்பெருக்கத்துக்கு நகரின் நீரமைப்பு ஈடுகொடுக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் வெள்ளத்தில் யமுனையின் ஓட்டம் விலகியபோது, நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. அதைத் தொடர்ந்து பரவிய மஞ்சட்காமாலையால் ஏறத்தாழ 29,000 பேர் பாதிக்கப்பட்டனர். கருவுற்ற பெண்களிடையே நோய் கடுமையாக இருந்தது. அது பின்னாளில் ஈ வகைக் கல்லீரல் அழற்சி என்று அடையாளம் காணப்பட்டு, மருத்துவப் பாடநூல்களில் தில்லிக் கொள்ளைநோயாக நிலைபெற்றது. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையமும், 1962இல் முதல் பெருந்திட்டமும் வந்தபோது இந்நோயின் நினைவு மங்கியிருக்கவில்லை. நஜஃப்கர் வடிகால் எனப்படுவது உண்மையில் சாஹிபி என்னும் ஆறு. ஆறு வடிகாலாகப் பெயர் மாறியதும், அதில் கழிவு கலப்பதைக் கேள்வி கேட்பார் குறைந்தனர்.

பயணி காணும் தில்லி

குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் 1993இலும், செங்கோட்டை 2007இலும் உலக மரபுச் சின்னங்களாயின. தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் முக்கோணச் சுற்றுலாவின் நுழைவாயிலாகத் தலைநகர் இருக்கிறது. மாநில வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சேவைத்துறையிலிருந்தே வருகிறது. அரசுப் பணி, வணிகம், கல்வி, மருத்துவம், விருந்தோம்பல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

சுற்றுலா காட்டும் தில்லிக்கு ஓர் அறிவு வரலாறு உண்டு. சையத் அகமது கான் 1847இல் வெளியிட்ட அசாருஸ் சனாதீத் நகரின் கட்டடங்களைத் தொகுத்துரைத்தது. தலைநகர் மாறிய பின் தொல்லியல் துறைக்காக மௌல்வி ஜபர் ஹசன் விரிவான பட்டியலை உருவாக்கினார். புது தில்லியின் கட்டுமானத்தில் எவற்றைக் காப்பது என்று முடிவு செய்ய அத்தகைய பட்டியல் தேவைப்பட்டது. இவ்வுழைப்பின்றிப் பல கட்டடங்கள் அழிந்திருக்கும். ஆயினும் பட்டியல் என்னும் வடிவத்துக்கு ஒரு விளைவு உண்டு. ஏரியின் கரை ஒரு பதிவு. மதகு வேறொரு பதிவு. படிக்கிணறு இன்னொன்று. அவற்றை இணைத்த ஓடையும் சரிவும் எந்தப் பதிவிலும் இடம்பெறவில்லை. பாதுகாப்பு கல்லுக்குக் கிட்டியது, நீர்வரத்துக்குக் கிட்டவில்லை. சத்புலாவின் ஏழு கண்கள் பாதுகாக்கப்பட்ட சின்னம். அவ்வழியே பாய்ந்த ஓடை கழிவுநீர் வாய்க்கால். அதே ஓடைத் தொகுதியின் கீழ்ப்பகுதியில் ஜஹாங்கீர் காலத்துப் பாரபுல்லாப் பாலம் நிற்கிறது. அதன் பெயரைத் தாங்கிய உயர்மட்டச் சாலை 2010இன் காமன்வெல்த் போட்டிகளையொட்டி வாய்க்காலின் மேலேயே கட்டப்பட்டது.

தலைநகர் இன்று பருகும் நீரில் பெரும்பகுதி எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. யமுனை நீர் ஹரியானாவின் முனக் கால்வாய் வழியாகவும், கங்கை நீர் உத்தரப் பிரதேசம் வழியாகவும், பியாஸ் நீர் பக்ரா அமைப்பு வழியாகவும் வருகின்றன. கங்கை நீரின் ஒரு பகுதி டெஹ்ரி அணையிலிருந்து பெறப்படுகிறது. அவ்வணைக்காகப் பழைய டெஹ்ரி நகரம் நீரில் மூழ்கியது. 2016 பிப்ரவரியில் ஹரியானாவின் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் முனக் கால்வாய் சேதமானபோது தில்லியின் குடிநீர் நிலையங்கள் பல நாட்கள் முடங்கின. நாட்டை ஆளும் நகர் தன் தாகத்துக்கு அண்டை மாநிலத்து மதகுக் கதவைப் பார்த்திருக்கும் நிலை அப்போது வெளிப்பட்டது.

வந்த நீரும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. லுட்யென்ஸ் தில்லியின் பங்களாக்களில் புல்வெளிகள் கோடையிலும் பசுமையாக இருக்கின்றன. துக்ளகாபாத் கோட்டைக்கு அருகே விரிந்துள்ள சங்கம் விஹார், நாட்டின் மிகப்பெரிய அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளுள் ஒன்று. அங்கே குடும்பங்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்போர் நீரை விற்கின்றனர். சற்றுத் தொலைவில் கியாசுத்தீனின் ஏரி வறண்ட பள்ளமாகக் கிடக்கிறது. பிரோஸ் ஷா பதிவு செய்த நீர் வியாபாரிகளின் வழித்தோன்றல்களைத் தேடி ஆய்வாளர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

யமுனையின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர் அதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆற்றின் மாசில் முக்கால் பங்குக்குக் குறையாதது இந்த நீட்சியில்தான் சேர்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பிஹாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் உழைக்க வந்த மக்கள் சட் பூசைக்காக இடுப்பளவு நீரில் நின்று கதிரவனுக்கு நீர் வார்க்கும்போது, அவர்களைச் சுற்றி வெண்ணுரை மிதக்கிறது. பனிபோல் தோன்றும் அந்நுரை கழிவின் நுரை. 2004இல் யமுனைப் புஷ்தாவின் குடிசைகள் ஆற்றுக்குக் கேடு என்று அகற்றப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அதே வெள்ளச் சமவெளியில் காமன்வெல்த் விளையாட்டு வீரர்களுக்கான மாடிக் குடியிருப்பு எழுந்தது. எது ஆக்கிரமிப்பு என்பதைக் கட்டுபவரின் தகுதி தீர்மானித்தது.

ஆறு திரும்பிய நாள்

2023 ஜூலை 13 அன்று பழைய இரும்புப் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் உச்சமான 207.49 மீட்டரை அது விஞ்சியது. ரிங் ரோடு மூழ்கியது. வஜீராபாத் முதலிய குடிநீர் நிலையங்கள் வெள்ளத்தாலேயே நின்றுபோயின. ஊரெங்கும் நீர், குழாயில் நீர் இல்லை. செங்கோட்டையின் பின்மதிலை ஆறு மீண்டும் தொட்டது. முகலாயர் காலத்து ஓவியங்களில் மட்டுமே கண்ட காட்சியைச் செய்திப் படங்களில் மக்கள் வியப்போடு பார்த்தனர். ஆனால் ரிங் ரோடு அமைந்த அந்த நிலம் ஆற்றின் பழைய படுகை. கரையோரம் வெள்ளரியும் கீரையும் பயிரிட்டுவந்த எளிய குடும்பங்கள் உடைமைகளோடு மேம்பாலங்களின் அடியில் தஞ்சம் புகுந்தன.

ஹௌஸ் காஸில் இப்போது நீர் இருக்கிறது. நெடுங்காலம் வறண்டு கிடந்த அவ்வேரி 2000களில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் நிரப்பப்பட்டது. அதன் கரையில் உணவகங்களும் ஆடைக் கடைகளும் நிறைந்துள்ளன. மாலையில் மாணவர்கள் பிரோஸ் ஷாவின் கல்விக்கூடப் படிகளில் அமர்ந்து நீரைப் பார்க்கின்றனர். அந்த மீட்பு பாராட்டுக்குரியது. எனினும் குன்றிலிருந்து ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவந்த பழைய வாய்க்கால்கள் குடியிருப்புகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் அடைபட்டே கிடக்கின்றன.

தில்லியின் வரலாற்றை எழுதுவோர்முன் உள்ள பணியும் இதனின்று வேறல்ல. கோட்டைகளின் தேதிகள் பெரும்பாலும் உறுதியாகிவிட்டன. ஓடைகளின் தடங்கள் நில அளவைப் பதிவுகளிலும், வருவாய்க் கிராமங்களின் எல்லைக் குறிப்புகளிலும், கல்வெட்டுகளிலும், தர்காக்களைச் சுற்றி வழங்கும் கதைகளிலும், தெருப் பெயர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே வரைபடத்தில் சேர்த்தால், அது தொல்லியலுக்கு மட்டுமன்றி அடுத்த வெள்ளத்துக்கும் அடுத்த கோடைக்கும் பயன்படும். வாய்க்காலை அடைத்தவர் யார் என்று பிரோஸ் ஷா விசாரித்த கேள்விக்கு விடை தேடும் ஆவணமாகவும் அது அமையும்.